கடைசிப் பிள்ளை எழுதி முடிக்கும் வரை

(நூற்றாண்டு விழாவின்போது பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் தலைவி எங்களிடம் சொன்னது வேறு. "உங்கள் வேலையில் நடந்த ஏதாவது ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ. பெருமை அடிக்கிற கதை வேண்டாம்" என்றார். ஆகவே ஒரு பிழையின் கதையைச் சொல்ல வந்திருக்கிறோம். இந்த உரை முழுவதும் 'நாங்கள்' என்றே வரும். அந்தப் பிழையை ஒருவர் மட்டும் விடவில்லை, ஒருவர் மட்டும் கண்டுபிடிக்கவும் இல்லை.

மேற்பயிற்சிக்காக வெளிநாட்டில் இருந்த காலம் அது. எங்கள் குழுவில் வைத்தியர்கள் இருவர், இயன்மருத்துவர் ஒருவர், தாதி ஒருவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களே எங்களிடம் வந்தார்கள். அந்தச் சத்திரசிகிச்சையின்போது கமக்கட்டில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் சிலருக்கு அகற்ற வேண்டிவரும். அதன்பின் அந்தக் கையில் நிணநீர் வடிவது குறைந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கை வீங்கலாம். முற்றிய வீக்கத்தைக் குறைப்பது கடினம். ஆரம்பத்திலேயே கண்டால் அழுத்த உறை, பயிற்சி என்று கட்டுப்படுத்த முடியும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் முன்னரே வீக்கத்தைக் காணும் வழி ஒன்றை நாங்கள் பரீட்சித்துக்கொண்டிருந்தோம்.

வழி எளிமையானது. கையில் மின்வாய்கள் சிலவற்றை ஒட்டி, உணர முடியாத அளவு சிறிய ஆடலோட்டத்தைப் பாதுகாப்பான இடைச்சுற்று ஒன்றினூடாகச் செலுத்தி, கையின் மின்தடங்கலை அளப்பது. குறைந்த மீடிறனில் ஓட்டம் கலங்களின் மென்சவ்வைக் கடக்க இயலாமல், கலங்களுக்கு வெளியே உள்ள திரவத்தின் வழியாகவே பெரும்பாலும் போகும். மீடிறன் கூடக்கூட மென்சவ்வைக் கடந்து கலங்களுக்குள்ளும் போகும். அதனால் எந்தக் கையிலும் மீடிறன் கூடும்போது தடங்கல் குறையும். வீங்கத் தொடங்கும் கையில் வெளித்திரவம் கூடுவதால், குறைந்த மீடிறனிலேயே தடங்கல் குறைந்துவிடும். நல்ல கையையும் மற்றக் கையையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். நாங்கள் 5 கிலோஹேர்ட்ஸில் தொடங்கிப் படிப்படியாக 100 கிலோஹேர்ட்ஸ் வரை அளந்தோம். முடிவு தங்கியிருந்தது முதல் எண்ணில், அதாவது 5 கிலோஹேர்ட்ஸ் வாசிப்பில்.

அளக்கும் கருவி பழையது, ஆனால் நல்லது. அதை ஒரு கணினி இயக்கியது. கணினி மீடிறனைச் சொல்லும், 'அள' என்று சொல்லும், விடையை வாங்கி எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு கைக்கும் தனித்தனிக் கோப்பு. எங்கள் மேசைக்கு வருவது இரு கைகளின் விகிதம் மட்டுமே.

சில பெண்களுக்கு அந்த விகிதம் வீக்கத்தைக் காட்டியது. இயன்மருத்துவர் அளவுநாடாவைச் சுற்றிப் பார்த்தார், விரலால் அழுத்திப் பார்த்தார். "என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "கைக்குத் தெரிய முன்னர் கருவிக்குத் தெரியும். இந்த முறையின் பயனே அதுதானே" என்றோம். எங்களுக்கு அந்த விடை பிடித்திருந்தது. அந்தப் பெண்களிடம் ஆரம்ப வீக்கம் என்று சொன்னோம். அழுத்த உறை அணியச் சொன்னோம். பாரம் தூக்குவதில் கவனமாக இருக்கச் சொன்னோம்.

ஒரு நாள் மெலிந்த பெண் ஒருவர் வந்தார். அவருடைய நல்ல கையில் ஊசி ஏற்றிக் கட்டுப் போட்டிருந்தது. வழக்கமாக நல்ல கையைத்தான் முதலில் அளப்போம். அன்று கட்டு அவிழும் வரை காத்திராமல், தாதி சத்திரசிகிச்சை செய்த பக்கத்துக் கையை முதலில் அளந்தார். விடை வந்தது: வீங்கியிருப்பது நல்ல கை!

தாதி அந்தத் தாளை எங்கள் முன் வைத்துவிட்டு, "கையில் அல்ல, வரிசையில்தான் ஏதோ இருக்கிறது" என்றார். அந்த ஒரு வசனத்தை நாங்கள் மாதங்களுக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு வழக்கமான சண்டை. மின்வாய் சரியில்லை என்றார் ஒருவர். வடம் பழையது என்றார் இன்னொருவர். கணினி நிரலை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருந்தார். இல்லாதவர் மேல் பழி போடுவது எப்போதும் இலகு. கருவியைச் சோதிக்க நாங்கள் வாரந்தோறும் பெறுமானம் தெரிந்த ஒரு தடையை இணைத்து அளப்போம். பள்ளியில் பூச்சிய வழு பார்ப்பதுபோல அதைத் தவறாமல் செய்தோம். அந்தச் சோதனையில் கருவி ஒவ்வொரு வாரமும் சித்தியடைந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் எங்கள் சண்டையில் சேரவில்லை. "யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்று அலுமாரியில் இருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். அதுதான் பஸ் பகுப்பாய்வி.

பஸ் என்றதும் எங்களுக்கு இ.போ.ச. பஸ்தான் நினைவுக்கு வரும். சொல் ஒன்றுதான். 'எல்லோருக்கும்' என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லின் வால்தான் பஸ். கருவிகளின் பஸ்சும் அப்படித்தான். ஒரே கம்பிக் கட்டு, அதில் தொங்கும் எல்லாக் கருவிகளுக்கும் பொது. நாங்கள் பாவித்தது 1960களில் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் உருவாக்கியது. 1975இல் ஐ.ஈ.ஈ.ஈ. 488 என்ற பொது நியமமானது. ஒரே பஸ்சில் 15 கருவிகள் வரை இணைக்கலாம், வடத்தின் மொத்த நீளம் 20 மீற்றர் வரை போகலாம். உலகத்தின் ஆய்வுகூடங்களில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது.

அதில் சைகை செல்லும் கம்பிகள் 16. எட்டில் தரவு போகும். ஐந்து, வகுப்பை நடத்தும் கம்பிகள். மீதி மூன்றும் கைகுலுக்கும் கம்பிகள். இந்த மூன்றையும் விளங்கிக்கொள்ள நாங்கள் எங்கள் பள்ளிக்கே வர வேண்டும்.

சொல்வதெழுதுதல் நினைவிருக்கிறதா? ரீச்சர் ஒரு வசனத்தைச் சொல்லுவா. பிறகு வகுப்பைப் பார்ப்பா. கடைசி வாங்கில் ஒரு பிள்ளை இன்னும் குனிந்தபடி எழுதிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தும் வரை அடுத்த வசனம் வராது. எங்கள் வகுப்பில் வேகமாக எழுதுகிறவர்களுக்கு அது எரிச்சல். ஆனால் ஒருவருடைய கொப்பியிலும் வசனம் விடுபடாது.

அந்தப் பஸ் வேலை செய்வது அப்படியே. பேசும் கருவி ஒன்று, கேட்கும் கருவிகள் பல இருக்கலாம். 'இன்னும் ஆயத்தமில்லை' என்பதற்கு ஒரு கம்பி, அதன் பெயர் என்.ஆர்.எவ்.டி. கேட்பவர்களில் ஒருவர் ஆயத்தமில்லாவிட்டாலும் அந்தக் கம்பி கீழே பிடிபட்டிருக்கும். எல்லோரும் கையை விட்டால்தான் மேலே எழும். அப்போது பேசுபவர் ஒரு பைற்றைத் தரவுக் கம்பிகளில் வைத்து, 'இதோ செல்லுபடியான தரவு' என்று டி.ஏ.வி. கம்பியைக் கீழே இழுப்பார். மூன்றாவது கம்பி என்.டி.ஏ.சி., 'இன்னும் எடுத்து முடியவில்லை' என்பது. எல்லோரும் எடுத்து முடித்தால்தான் அதுவும் மேலே எழும். பிறகு அடுத்த பைற்று. ஒவ்வொரு பைற்றுக்கும் இந்த மூன்று அசைவுகள். மிக மெதுவான கேட்பவரின் வேகமே பஸ்சின் வேகம்.

பகுப்பாய்வி இந்த வகுப்பின் மூலையில் வந்து உட்காரும் பரிசோதகர் மாதிரி. ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகக்கூடிய அந்த இணைப்பியில் தன் வடத்தையும் செருகிக்கொள்ளும். வாய் திறக்காது. கைகுலுக்கலில் கலந்துகொள்ளாது, கலந்துகொண்டால் அதன் வேகமும் பஸ்சைப் பாதிக்குமே. பதினாறு கம்பிகளும் எப்போது எழுந்தன, எப்போது விழுந்தன என்று நேரத்தோடு பதிந்துகொள்ளும். பிறகு அதை வரிவரியாகத் திரையில் காட்டும்: வரி இலக்கம், நேரம், பைற்றின் பெறுமானம், மற்றக் கம்பிகளின் நிலை.

முதற் பார்வையில் எங்களுக்கு அது எண்களின் குப்பையாகத்தான் இருந்தது. உத்தியோகத்தர் சிரித்தார். "ஈ.சி.ஜி. வாசிக்கப் பழகிய நாளில் உங்களுக்கு அதுவும் இப்படித்தானே இருந்திருக்கும்?" என்றார். உண்மைதான். ஈ.சி.ஜி.யை நாங்கள் பார்த்த உடனே நோயின் பெயர் சொல்வதில்லை. வேகம், லயம், அச்சு, ஒவ்வோர் அலை என்று ஒழுங்காகத்தான் போவோம். இங்கும் நான்கு கேள்விகளை ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்றார்.

முதலாவது, இது கட்டளையா தரவா? அதைச் சொல்வது ஏ.ரி.என். என்ற கம்பி. 'கவனி' என்பதன் சுருக்கம். அது கீழே இருக்கும்போது போகும் பைற்று எல்லோருக்குமான கட்டளை. மேலே இருக்கும்போது போவது தரவு. ஒரே எண் இரண்டு இடத்திலும் வரும், பொருள் வேறு.

இரண்டாவது, யார் பேச, யார் கேட்க நியமிக்கப்பட்டார்கள்? எங்கள் கருவியின் இலக்கம் 17, கணினியின் இலக்கம் 21. கேட்கச் சொல்ல இலக்கத்தோடு 32ஐக் கூட்ட வேண்டும், பேசச் சொல்ல 64ஐ. ஆகவே கட்டளை 49 என்றால் 'பதினேழே, கேள்'. 81 என்றால் 'பதினேழே, பேசு'. 63 என்றால் 'கேட்போர் எல்லோரும் ஓய்வெடுங்கள்'. 8 என்றால் 'இப்போது அள'. நாலைந்து எண்களைப் பாடமாக்கியதும் குப்பை உரையாடலாக மாறியது.

மூன்றாவது, பேச்சு எங்கே முடிந்தது? கடைசிப் பைற்றோடு ஈ.ஓ.ஐ. என்ற கம்பி கீழே வரும். முற்றுப்புள்ளி மாதிரி.

நான்காவதுதான் முக்கியம். இடைவெளி எங்கே இருக்கிறது, அந்த இடைவெளியில் யார் யாரைக் காத்திருக்க வைத்தார்? என்.ஆர்.எவ்.டி. கீழே நின்றால் கேட்பவர் ஆயத்தமில்லை. அது மேலே நின்றும் டி.ஏ.வி. அசையாமல் இருந்தால் பேசுபவரிடம் இன்னும் சொல்ல ஒன்றுமில்லை. டி.ஏ.வி.யும் என்.டி.ஏ.சி.யும் கீழே நின்றால் கேட்பவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். மௌனம் ஒன்றுதான், ஆனால் அது யாருடைய மௌனம் என்பதைக் கம்பி சொல்லிவிடும்.

சோதனைக்காக இன்னொரு பெண்ணைத் தொந்தரவு செய்ய நாங்கள் விரும்பவில்லை. உத்தியோகத்தர் இரண்டு தடைகளையும் ஒரு கொள்ளளவியையும் பற்றாசு வைத்துப் 'பொம்மைக் கை' ஒன்று செய்தார். மனிதக் கை போலவே மீடிறன் கூடத் தடங்கல் குறையும் சுற்று அது. அதை நல்ல கையாக ஒரு தடவை, மற்றக் கையாக ஒரு தடவை என்று அளந்தோம். ஒரே பொருள். ஆகவே விகிதம் சரியாக ஒன்று வரவேண்டும். வீக்கம் என்று வந்தது! பொம்மைக் கைக்கும் நோய் கண்டுபிடித்துவிட்டோம்.

இப்போது பதிவைத் திறந்து வரிவரியாக வாசித்தோம்.

முதற் கை. ஏ.ரி.என். கீழே. 63, 49: பதினேழு கேட்கிறது. தரவாக 5 கிலோஹேர்ட்ஸ் என்ற அறிவித்தல் போகிறது. மீண்டும் கட்டளை, 8: அள. அதன்பின் 200 மில்லிசெக்கன் அமைதி. கணினி தன் நிரலில் எழுதியபடி அவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது. பிறகு கட்டளை 81: பதினேழே, பேசு. இப்போது பாருங்கள், டி.ஏ.வி. அசையவில்லை. கணினி கேட்க ஆயத்தமாக இருக்கிறது, கருவி பேசவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பைற்றுகள் வருகின்றன. எண் சரி.

இரண்டாம் கை. அதே 63, அதே 49, அதே அறிவித்தல், அதே 8. அதே 200 மில்லிசெக்கன். அதே 81. ஆனால் இம்முறை தயக்கமே இல்லை. டி.ஏ.வி. உடனே விழுகிறது, பைற்றுகள் வரிசையாக ஓடிவருகின்றன, ஈ.ஓ.ஐ. யோடு முடிகின்றன. விடை உடனே வந்தது. பிழை அங்கேதான் இருந்தது.

அந்த எண்ணை எடுத்து, சில பக்கம் மேலே போய், முதற் கையின் கடைசி வாசிப்போடு வைத்துப் பார்த்தோம். 100 கிலோஹேர்ட்ஸில் அளந்த எண். கடைசி இலக்கம் வரை அதேதான். கருவி புதிய கேள்விக்குப் பழைய விடையைச் சொல்லியிருந்தது.

ஏன் என்பது பிறகு தெளிவானது. மீடிறன் உச்சத்தில் இருந்து ஒரே தாவலில் அடிக்கு வரும்போது தடங்கல் ஏறுகிறது. சிலருடைய கையில் அந்த ஏற்றம் கருவியின் அளவு வீச்சின் எல்லையைத் தாண்டிவிடும். அப்போது கருவி வீச்சை மாற்றிக்கொண்டு மீண்டும் அளக்க வேண்டும். அதற்கு 200 மில்லிசெக்கன் போதாது. மெலிந்த கைக்குத் தடங்கல் அதிகம், ஆகவே எல்லையைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் மெலிந்த பெண்கள். நாளின் தொடக்கத்திலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முன்னரும் கருவியின் நினைவைக் கணினி துடைத்துவிடும். அதனால் முதற் கையின்போது கருவியிடம் சொல்வதற்குப் பழைய விடை இல்லை. இல்லாததால் காத்திருந்தது, காத்திருந்ததால் சரியாகச் சொன்னது. இரண்டாம் கையின்போது அதன் கையில் ஒரு விடை இருந்தது. 'பேசு' என்றதும் இருந்ததைச் சொன்னது. பழைய கருவிகள் இத்தகைய வேளையில் தத்தம் வழியில் நடந்துகொண்டன. 1987இல் வந்த 488.2 நியமம்தான் கேள்விக்கும் விடைக்கும் உள்ள ஒழுங்கை விரிவாக வகுத்தது. எங்களுடையது அதற்கு முந்திய காலத்துக் கருவி.

வாரந்தோறும் சித்தியடைந்த சோதனைக்கு வருவோம். தனித் தடைக்கு எந்த மீடிறனிலும் ஒரே பெறுமானம். வீச்சு மாறத் தேவையில்லை. பழைய விடையைத் தந்தாலும் அது புதிய விடையைப் போலவே இருக்கும். ஆகவே அந்தப் பிழையைக் காட்டவே முடியாத ஒரு பரீட்சையைத்தான் நாங்கள் வாரந்தோறும் ஒழுங்காக நடத்திக்கொண்டிருந்தோம்.

பிள்ளைகளே, அந்தப் பதிவில் எங்களை அதிகம் உலுக்கியது இதுதான். கைகுலுக்கல் ஒரு இடத்திலும் பிசகவில்லை. ஒவ்வொரு பைற்றும் ஆயத்தம் பார்த்து, வைத்து, எடுத்து, உறுதி செய்து போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பிழையின்றிப் போய்ச் சேர்ந்தது வேறு, சரியானது வேறு. கடைசிப் பிள்ளை எழுதி முடிக்கும் வரை ரீச்சர் காத்திருந்தா. ஆனால் சொன்னது நேற்றைய பாடத்தின் வசனம்.

திருத்தம் சில வரிகள்தான். பஸ்சில் எஸ்.ஆர்.கியூ. என்று ஒரு கம்பி உண்டு. கருவி தன் வேலை முடிந்ததும் அதைக் கீழே இழுத்து, வகுப்பில் கை உயர்த்துவதுபோல, 'என்னைக் கவனியுங்கள்' என்று சொல்லலாம். கணினி உடனே 'யார் கை உயர்த்தியது, ஏன்?' என்று கேட்டு, 'புதிய வாசிப்பு ஆயத்தம்' என்ற விடை வந்த பின்னரே அதை வாங்கலாம். அந்த வசதி முதல் நாளே இருந்தது. நிரல் எழுதியவர் 200 மில்லிசெக்கன் போதும் என்று ஊகித்திருந்தார். அதற்காக அவரைக் குற்றம் சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. 'கைக்குத் தெரிய முன்னர் கருவிக்குத் தெரியும்' என்று நாங்களும் ஊகித்தவர்கள்தானே. கை உயர்த்திய இயன்மருத்துவரை நாங்களும் பார்க்கவில்லை.

நிரலைத் திருத்துவது அரைநாள் வேலை. மனிதர்களிடம் திருத்துவது அப்படி முடியவில்லை. இரண்டாம் கையின் உண்மையான முதல் வாசிப்பு எந்தக் கோப்பிலும் இல்லை. அதைக் கணக்குப் போட்டு மீட்க வழியில்லை, மீண்டும் அளப்பதுதான் ஒரே வழி. ஒரு மாநாட்டுக்கு அனுப்பியிருந்த சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். எங்களிடம் வந்த எல்லாப் பெண்களையும், வீக்கம் என்று சொன்னவர்களையும் இல்லை என்று சொன்னவர்களையும், திரும்ப அழைத்தோம். கடிதம் போதாது என்று ஒவ்வொருவரையும் நேரில் இருத்தி, என்ன நடந்தது என்று சொன்னோம். பஸ்சின் பதிவைக்கூடச் சிலருக்குக் காட்டினோம்.

ஒரு அம்மா அமைதியாகக் கேட்டார். பிறகு, "எனக்கு வீக்கம் இல்லையா?" என்றார். இல்லை என்றோம். சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. "ஏழு மாதமாக நான் பேரப்பிள்ளையைத் தூக்கவில்லை. இப்போது அவன் நடக்கத் தொடங்கிவிட்டான். தூக்கினால் இறங்கி ஓடுகிறான்" என்றார். எங்களிடம் அதற்கு விடை இல்லை. மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்பட்டார், கோபப்பட்டது நியாயம். எழுந்து போகும்போது, "அடுத்த தடவை அந்த இயன்மருத்துவர் பிள்ளை சொல்வதையும் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாளுக்குப் பிறகு நோயாளர் விடுதியிலும் நாங்கள் வேறு விதமாகக் கேட்கப் பழகினோம். இங்கே எங்கள் ஊரில் நோயாளரிடம் "விளங்கிச்சுதா அம்மா?" என்று கேட்டால் "ஓம் டொக்டர்" என்று உடனே விடை வரும். கேள்வி முடிய முன்னரே வரும். அந்த "ஓம்" எத்தனையோ தடவை பழைய விடை. போன முறை கேட்டவருக்கும் அதே ஓம், இனிக் கேட்கப் போகிறவருக்கும் அதே ஓம். ஆகவே இப்போது, "வீட்டை போய் இந்த மருந்தை எப்படிப் போடுவீங்கள் எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்கிறோம். அப்போது ஒரு மௌனம் வரும். அது யோசிப்பவரின் மௌனம். அதைக் குழப்பாமல் இருப்போம். நேரம் கூடச் செல்கிறது, விடுதியில் வரிசை நீளுகிறது, உண்மைதான். ஆனால் வருவது இந்தக் கேள்விக்கான விடை.

பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் மின்னியலைத் தொடங்கியவர்கள். குப்பிவிளக்கின் வெளிச்சத்தில் மின்குமிழ் எரியும் சுற்றை வரைந்தோம். கருவி குறைவு, ஒரு கல்வனோமானியைச் சுற்றி ஒரு வகுப்பே நிற்கும். ஆனால் ஒரு பழக்கத்தை எங்கள் ஆசிரியர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வாசிப்பை எடுத்த உடனே பேனையால் கொப்பியில் எழுத வேண்டும். கணித்த விடையை மட்டும் எழுதிக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். "விடை இருக்கட்டும், வாசிப்பு எங்கே?" என்பார்கள். அது புள்ளிக்காக என்று அன்று நினைத்தோம். எங்கள் மேசைக்கு விகிதம் மட்டும் வந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் அந்தக் கேள்வியை நாங்கள் ஒரு தடவை கேட்டிருந்தால், இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்திருப்போம். ஒரே எண் இரண்டு இடத்தில் இருப்பதைப் பகுப்பாய்வி இல்லாமலே ஒரு உயர்தர மாணவி கண்டுபிடித்திருப்பாள்.

இன்று நீங்கள் பாவிக்கப்போகும் கருவிகள் வேறு பஸ்களில் பேசும். கம்பி குறைவு, வேகம் பன்மடங்கு, சிலவற்றுக்குக் கம்பியே இல்லை. அவற்றின் பேச்சைப் பதிந்து வாசிக்கும் பெட்டிகளும் இப்போது கைக்குள் அடங்குகின்றன. கேள்விகள் மட்டும் மாறவில்லை. இது கட்டளையா தரவா? யார் பேசினார், யார் கேட்டார்? எங்கே முடிந்தது? யார் யாரைக் காத்திருக்க வைத்தார்? இவற்றோடு எங்கள் குழு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து அந்தப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்தது: இது எந்தக் கேள்விக்கு வந்த விடை?

இந்தப் பள்ளி நூறு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. கடைசி வாங்குப் பிள்ளை தலை நிமிரும் வரை காத்திருந்த ஆசிரியர்களில் சிலர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள், சிலர் எங்களோடு இல்லை. அவர்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. அந்தக் கடைசி வாங்கில் இருந்தவர்களில் சிலர் இன்று உங்கள் முன் நின்று பேசுகிறோம்.